அத்தியாயம் 7: வேலியில் மெஷ் பேனர் – எது முதலில் அறுபட வேண்டும்?

பல்லடம் பக்கம் ஒரு விளையாட்டு மைதானம். ஆடி மாதம். மைதானத்தைச் சுற்றி ஏழடி உயரத்துக்குச் செயின் லிங்க் வேலி. உள்ளே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்படி, வேலியின் உள்பக்கம் அறுபதடி நீளத்துக்கு ஒரே துண்டாக மெஷ் பேனர் கட்ட வேண்டும். "மெஷ்தானே, காற்று ஓட்டை வழியாகப் போய்விடும்" என்ற தைரியத்தில், அடிக்கு ஓர் ஐலெட் (ஓரத்தில் அடிக்கும் உலோக வளையம்) போட்டு, ஒவ்வொன்றிலும் கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் பேனரில் ஒரு கீறல் இல்லை. ஓர் ஐலெட்கூடப் பிய்யவில்லை. வேலிதான் ஆறு தூண்களோடு மைதானத்துக்குள் சாய்ந்து கிடந்தது. அந்த வேலியைப் போட்ட மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "நான் கட்டுனது வலை. நீ அதைப் பாய்மரமாக்கிட்டே, கண்ணு" என்றார். பேனர் கட்டிய கூலி முழுவதும் தூண்களை நிமிர்த்தவே போனது.

காற்று ஓர் அளவைத் தாண்டினால் கட்டு, ஐலெட், துணி, தூண் என்ற நான்கில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகும். எது என்பதைக் கட்டுகிறவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கட்டு முதலில் போக வேண்டும். அது சில்லறைக் காசு. தூண் எந்த நாளும் போகக் கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு வரிசையைக் காப்பாற்றுவதற்கான வேலைதான்.

காற்றின் எடை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அனுபவப் பேச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு வாசல் போலத் திறந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று வீசுகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதை. காற்றாலைகள் இந்த ஊர்ப் பக்கங்களைத் தேடி வந்ததற்குக் காரணமே இதுதான். காற்றாலைக்காரருக்கு வரமான காற்று, பேனர் கட்டுகிறவருக்குச் சோதனை.

காற்றின் தள்ளுவிசையை நாமே கணக்கிடலாம். வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். கட்டடங்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி இந்தக் கணக்கைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. இருபதடி நீளம், நான்கடி உயரம், அதாவது 80 சதுர அடி உள்ள ஒரு பேனரில், ஓட்டையே இல்லை என்று வைத்துக்கொண்டால் வரும் பாரம், நியூட்டனைக் கிலோவாக மாற்றிச் சொன்னால், இது:

- மணிக்கு 36 கி.மீ. – சுமார் 45 கிலோ
- மணிக்கு 54 கி.மீ. – சுமார் 100 கிலோ
- மணிக்கு 72 கி.மீ. – சுமார் 180 கிலோ

வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்காகிறது. "நேற்றைவிடக் கொஞ்சம்தான் அதிகக் காற்று" என்று யாராவது சொன்னால், இந்த மூன்று வரிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே தரநூல் கோவைக்கும் மதுரைக்கும் அடிப்படைக் காற்று வேகமாக வினாடிக்கு 39 மீட்டரையும், சென்னைக்கு 50 மீட்டரையும் வைக்கிறது. மணிக்கு 140 கி.மீ., 180 கி.மீ. என்று அர்த்தம். கட்டடம் அதைத் தாங்க வேண்டும். கம்பிவலையில் கட்டிய பேனரை அதற்காகத் தயார் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பெருங்காற்று வரும் முன்பு அதை இறக்கிவிட வேண்டும்.

வானிலை அறிக்கையில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 60 கிலோமீட்டர் வேகத்திலும்" என்று வாசிப்பார்கள். நமக்கு வேண்டியது அந்த "இடையிடையே"தான். கட்டையும் தூணையும் சோதிப்பது அந்த ஒரு வீச்சு.

மெஷ் எவ்வளவு உதவும்?

மெஷ் பிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் நூல் வலைக்கு பி.வி.சி. பூசியது. அதன் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓட்டை. அதற்காகப் பாரமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். பொடி ஓட்டைகளில் காற்று நெருக்கிக்கொண்டுதான் நுழைகிறது. நுழையும்போதே துணியைத் தள்ளுகிறது. தூசி அடைத்தாலும் மழைநீர் ஓட்டைகளில் படலமாக நின்றாலும் இன்னும் மோசம். ஆகவே பாரத்தை ஓட்டை இல்லாத துணிக்குரியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டை தரும் சலுகை நம் கையிருப்பாக இருக்கட்டும்.

சாதா பிளெக்ஸில் பிளேடால் அரைவட்டமாகக் கீறிவிடும் வழக்கம் ஒன்று உண்டு. அதனால் குறையும் பாரம் சொற்பம். ஆனால் ஒவ்வொரு கீறலின் முனையும் ஒரு கிழிசலின் தொடக்கம். மெஷ்ஷில் அதைச் செய்யவே வேண்டாம்.

மெஷ்ஷில் பொடி எழுத்து எடுபடாது. பெரிய, தடித்த எழுத்தாகக் கேளுங்கள். வாசகம் குறைந்தால் பேனரும் சிறிதாகும், காற்றும் குறையும்.

முதலில் வேலியைப் பாருங்கள்

பேனர் அடிக்கக் கொடுக்கும் முன்பே இடத்துக்குப் போய்விட வேண்டும். செயின் லிங்க் வேலி காற்றை உள்ளே விடுவதற்காகப் போடப்பட்டது. அதன் தூண்களை ஊன்றியவர் காற்றுப் பாரத்தை மனதில் வைத்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு தூணையும் நெஞ்சு உயரத்தில் பிடித்து, உடம்பின் எடையைக் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். அடியில் மண் பிளந்தாலோ, கான்கிரீட் கட்டி அசைந்தாலோ அந்த இடைவெளியில் பேனர் வேண்டாம். ஆங்கிள் தூணாக இருந்தால் தரையை ஒட்டிய நான்கு விரல் உயரத்தைத் திருப்புளியால் சுரண்டுங்கள். துரு அங்கேதான் தின்னும். மூலைத் தூண்களுக்கு முட்டு உண்டா என்பதையும் பாருங்கள்.

வேலி வகைக்கு ஏற்பச் சில விஷயங்கள்:

கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்த வேலியில் பேனரை நேரடியாகக் கட்டக் கூடாது. முள் ஒரே ராத்திரியில் மெஷ்ஷைத் துருவிவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, முள்கம்பியை விட்டுத் தள்ளி, மேலும் கீழும் ஜி.ஐ. பைப் கட்டி அதில் பேனரைக் கட்டுங்கள். கல் கூர்முனை உள்ள இடத்தில், பைப்பைக் கட்டும் கயிற்றுக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் போதும்.

தோட்டத்துச் சோலார் மின்வேலியில் எதையும் கட்ட வேண்டாம். ஈ.பி. கம்பி தலைக்கு மேலே போகும் இடத்தில் பைப்பைத் தூக்கி நிறுத்தும் வேலையையே வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது உயரம். தூணைச் சாய்ப்பது பாரம் மட்டும் அல்ல. அந்தப் பாரம் எவ்வளவு உயரத்தில் பிடித்து இழுக்கிறது என்பதும் சேர்ந்துதான். ஏழடி வேலியில் நான்கடி பேனரை மேல்விளிம்போடு கட்டினால் அதன் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில் இருக்கும். அதையே தரைக்கு மேல் ஓரடி விட்டுக் கட்டினால் நடுப்பகுதி மூன்றடிக்கு வந்துவிடும். பேனரும் காற்றும் அதேதான். தூணின் அடியில் விழும் நெம்பல் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. இதற்கு ஒரு ரூபாய் செலவு இல்லை. "மேலே கட்டினால்தானே தெரியும்" என்று வாடிக்கையாளர் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். தெரிவதற்கு முன்னால் அது நிற்க வேண்டும்.

பேனருக்கு ஆர்டர் கொடுக்கும்போது

அறுபதடி வேண்டும் என்றால் இருபதடியாக மூன்று கேளுங்கள். இரண்டு பேனருக்கு நடுவே ஒரு தூண் இடைவெளியைக் காலியாக விடுங்கள். காற்றுக்கு ஒரு வழி கிடைக்கும். ஒன்று போனால் மற்றது நிற்கும்.

ஓரத்தை இரண்டு அங்குலமாவது மடித்து, மடிப்புக்குள் நாடா வைத்துத் தைக்கவோ ஒட்டவோ சொல்லுங்கள். ஒற்றை மெஷ்ஷில் அடித்த ஐலெட் சட்டைப் பொத்தான் போலக் கழன்று வந்துவிடும். சாதாரணமாக இரண்டடிக்கு ஓர் ஐலெட் போடுவார்கள். காற்றுள்ள இடத்துக்கு அடிக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

அடிக்கு ஒன்று எதற்கு? துணி உலர்த்தும் கொடியை நினைத்துப் பாருங்கள். விறைப்பாக இழுத்துக் கட்டிய கொடியின் நடுவில் ஓர் ஈரச் சேலையைப் போட்டால், இரண்டு முனை ஆணிகளும் சேலையின் எடையைவிடப் பல மடங்கு இழுபடும். நான்கு மூலையில் மட்டும் கட்டிய பேனரும் அப்படித்தான். கட்டு கூடக் கூட, ஒவ்வொன்றுக்கும் வரும் இழுப்பு குறையும்.

கட்டு: இதுதான் நமது பியூஸ்

வீட்டில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் டி.வி. எரிவதற்குப் பதில் பியூஸ் போகிறது. வேலிப் பேனருக்கும் அப்படி ஒன்று வேண்டும். அது நாம் போடும் டேக், அதாவது இழுத்து மாட்டும் நைலான் பட்டை.

கட்டுக்கம்பியை மறந்துவிடுங்கள். அது ஐலெட்டை அறுக்கும், கையைக் கிழிக்கும். அறுபட வேண்டிய நேரத்தில் மட்டும் அறுபடாது. நைலான் டேக்கில் கறுப்பு நிறத்தையே வாங்குங்கள். கறுப்பில் கலந்திருக்கும் கரித்தூள் வெயிலைத் தாங்கும். வெள்ளை டேக் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே நொறுங்கிப்போகும். பொதுவாக 2.5 மி.மீ. அகல டேக் 8 கிலோ இழுப்பையும், 4.8 மி.மீ. 22 கிலோவையும், 7.6 மி.மீ. 55 கிலோவையும் தாங்கும். இவை புது டேக்கின் கணக்கு.

இருபதுக்கு நான்கடி பேனருக்கு நான் போடும் முறை:

- மேல்வரிசை: எல்லா ஐலெட்டிலும் 4.8 மி.மீ.; மேல்மூலை இரண்டிலும் தூண் வரும் இடங்களிலும் 7.6 மி.மீ.
- கீழ்வரிசை: ஒன்றுவிட்டு ஒன்று, 2.5 மி.மீ. மட்டும்
- பக்கவாட்டு: 2.5 மி.மீ.

கீழ்வரிசையில் 11 டேக் வரும். பதினொன்றும் சேர்ந்து 88 கிலோ. மணிக்கு 72 கி.மீ. வீச்சில் 180 கிலோவில் பாதி, அதாவது 90 கிலோ கீழ்வரிசைக்கு வரும். ஆக அந்த வேகத்தை நெருங்கும்போது கீழே ஒவ்வொன்றாக அறுபட்டு, பேனர் திரைச்சீலை மாதிரி தூக்கிக் காற்றை விட்டுவிடும். மேல்வரிசை பிடித்திருப்பதால் பறந்து போகாது. உங்கள் தூண் இந்தப் பாரத்தைத் தாங்காது என்று தோன்றினால் கீழே இன்னும் இரண்டு மூன்று டேக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காற்று பேனரை வேலியைவிட்டுப் பிரித்து இழுத்தால்தான் டேக் வேலை செய்யும். காற்று வரும் பக்கத்திலேயே பேனரைக் கட்டினால், காற்று அதை வேலியோடு சேர்த்து அழுத்தும். டேக்குக்கு வேலையில்லை; பாரம் முழுவதும் நேராகத் தூணுக்குப் போய்விடும். ஆகவே வேலி உறுதியாக இருந்தால் காற்று வரும் பக்கம் கட்டுங்கள். ஐலெட் பிழைக்கும், பேனர் நெடுநாள் வரும். வேலியில் சந்தேகம் இருந்தால் மறுபக்கம் கட்டி, டேக்கை பியூஸாக வையுங்கள். மறுபக்கம் சாலையோ நடைபாதையோ இருந்தால் அந்த யோசனையும் கூடாது. கீழ்வரிசை அறுபட்ட பேனர் போகிறவர் முகத்தில் அடிக்கும். அங்கே பேனரையே சிறியதாக்குவது ஒன்றுதான் வழி.

கட்டும் நாள்

விடியற்காலையில் தொடங்குங்கள். கணவாய்ப் பக்கத்து ஊர்களில் மதியத்துக்கு மேல் காற்று ஏறும். கடற்கரை ஊர்களில் உச்சிவெயிலை ஒட்டிக் கடற்காற்று எழும். கருவி இல்லாவிட்டாலும் கண் போதும். தரையில் புழுதியும் காகிதமும் எழும்பினால் மணிக்கு 20 கி.மீ.யைத் தாண்டிவிட்டது, இனி புதுப் பேனரைப் பிரிக்க வேண்டாம். குடை பிடிக்கக் கஷ்டமாகி, கம்பிகள் ஊளையிட்டால் 40 கி.மீ. அளவுக்கு வந்துவிட்டது, ஏணியைப் படுக்கப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இருபதடிப் பேனருக்கு மூன்று பேர் வேண்டும்.

1. பேனரைத் தரையில் விரிக்காதீர்கள். செங்குத்தாக நிற்கும் சுருளாகவே வைத்து, காற்று வரும் முனைத் தூணுக்குக் கொண்டுபோங்கள். சுருளுக்குள் இருக்கும் துணியைக் காற்று தொட முடியாது.
2. முதல் பக்கத்தின் மேல்மூலையையும் கீழ்மூலையையும் தூணோடு கட்டுங்கள். வலைக்கண்ணில் மட்டும் கட்டினால் வலை பிதுங்கி வரும்; தூணிலோ, மேலே ஓடும் பைப்பிலோ, இழுவைக் கம்பியிலோ சேர்த்துப் பிடியுங்கள்.
3. ஒருவர் சுருளைப் பிடித்து இரண்டடி இரண்டடியாக அவிழ்க்க, இன்னொருவர் மேல்வரிசை டேக்கை மாட்டிக்கொண்டே வரட்டும். மூன்றாமவர் கீழ்விளிம்பை வேலியோடு அழுத்தி நடக்க வேண்டும். டேக்கை இப்போதைக்கு ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக விடுங்கள்.
4. கடைசி மூலையைத் தூணோடு கட்டியபின், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மேல்வரிசையை இறுக்கிக்கொண்டு போங்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தால் மூலைவிட்டமாக ஒரு சுருக்கம் விழும். அது கடைசிவரை போகாது.
5. பிறகு பக்கவாட்டு, கடைசியாகக் கீழ்வரிசை.
6. உள்ளங்கையால் நடுவில் தட்டிப் பாருங்கள். பாரம் படும்போது கொஞ்சம் உள்வாங்கி, கை எடுத்ததும் தன்னிடத்துக்கு வர வேண்டும். தொங்கலாக இருந்தால் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும்.

பேனரைக் கொல்வது பெரும்பாலும் ஒரு பெரிய வீச்சு அல்ல, இடைவிடாத படபடப்புதான். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்பது போல, காற்று ஐலெட் ஓரத்தை அசைத்து அசைத்தே அறுத்துவிடும்.

பார்த்துக்கொள்வதும் இறக்குவதும்

மறுநாள் ஒரு முறை போய் இறுக்குங்கள். பிறகு வாரம் ஒரு முறை. காதைக் கொடுத்தாலே பாதி தெரிந்துவிடும். படபட என்ற சத்தம் வரும் இடத்தில் தொங்கல் இருக்கிறது. ஐலெட் ஓட்டை வட்டம் மாறி நீர்த்துளி வடிவத்துக்கு வந்தால் அந்த இடம் பிய்யப் போகிறது. தூணடியில் மண் பிளந்திருந்தால், பேனர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றே இறக்குங்கள். மழை ஊறிய மண்ணில் காற்றும் சேர்ந்தால் தூண் சொல்லாமல் கொள்ளாமல் சாயும்.

அறிக்கையில் "இடையிடையே 60" என்று வந்தால், காற்று வருவதற்கு முன்பே கீழ்வரிசையையும் பக்கவாட்டையும் வெட்டிவிட்டு, பாயைச் சுருட்டுவது போல மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முழுவதும் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது போய் இறக்காதீர்கள்.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் மேல் பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி அவர் இறந்துபோனார். 2023 ஜூனில் கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை அமைத்துக்கொண்டிருந்தபோது, சூறைக்காற்றில் சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த மூவரும் நம் தொழில்காரர்கள். பொது இடத்தில் கட்டுவதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும் என்பதை வெறும் காகித வேலையாக நினைக்க வேண்டாம்.

அடுத்த ஆடியில் அதே மைதானத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள். இருபதடியாக மூன்று, நான்கடி உயரம், தரைக்கு மேல் ஓரடியில். மூன்றாம் நாள் இரவு நல்ல காற்று. காலையில் போனபோது நடுப் பேனரின் கீழ்வரிசை முழுக்க அறுந்து தொங்கியது. தூண்கள் குண்டு நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. புது டேக் மாட்டக் கால்மணி நேரம் ஆனது. மேஸ்திரியும் வந்திருந்தார். அறுந்த டேக் ஒன்றைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன விலை, கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

- மூன்று அளவிலும் கறுப்பு டேக், தேவையைவிட ஒரு பாக்கெட் கூடுதலாக
- கட்டிங் பிளேயர், திருப்புளி, குண்டு நூல், அளவு நாடா
- பழைய சைக்கிள் டியூப் துண்டுகள்
- கையுறை, ஏணி வேலை என்றால் தலைக்கவசம்
- அனுமதிக் கடிதத்தின் நகல்
- வெட்டிய டேக் துண்டுகளைப் பொறுக்கிப் போட ஒரு பை. வேலியோரம் ஆடு மேயும்.